பாட்டுக்குள் ஒரு பெயர்ச்சீட்டு

நெல் மூட்டையின் மேல் கரியால் பெயர் எழுதலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயரை அச்சிடலாம். பித்தளைக் குடத்தில் வீட்டுப் பெயரை வெட்டி வைக்கலாம். பொருள் கண்ணுக்குத் தெரிவதாக இருந்தால், அதன் மேல் பெயரைப் பொறிப்பது எளிது. ஆனால் ஒலிக்குப் பெயர் எழுதுவது எப்படி? ஒலி என்பது காற்றில் பரவும் அதிர்வு. எழுந்த உடனே மறைந்து விடுவது. அதில் எந்த இடத்தில் சீட்டை ஒட்டுவது?

வேடிக்கையாகத் தோன்றும் இந்த வினாவுக்கு விடை தேடிப் பொறியியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள். இன்று நம் கைப்பேசியில் ஒரு பாட்டு ஒலிக்கும்போது பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் திரையில் தோன்றுகின்றன. அந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன? அவை பாட்டுக் கோப்புக்குள் எந்த மூலையில் உறைகின்றன? சில கோப்புகளில் மட்டும் பெயர் இல்லாமல் வெறும் எண் தோன்றுவது ஏன்? இவ்வினாக்களுக்குப் பின்னால் சுவையான ஒரு வரலாறு இருக்கிறது. அது பொறிகளின் வரலாறு மட்டுமன்று. பாடியவரும் எழுதியவரும் தம் பெயரையும் அதனால் வரும் கூலியையும் இழக்காமல் காத்துக்கொள்ள முயன்ற வரலாறும் ஆகும்.

தட்டில் பேசிய பெயர்

1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டுகளைப் பதிவு செய்தார். இந்தியாவில் நடந்த முதல் வணிக இசைத்தட்டுப் பதிவுகளில் அவையும் சேர்ந்தவை. ஒரு தட்டில் சுமார் மூன்று நிமிடங்களே அடங்கும். அந்தக் குறுகிய நேரத்தைக்கூட முழுவதும் பாட்டுக்குத் தராமல், பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்.

இதற்குக் காரணம் தற்பெருமை அன்று. பதிவு செய்த மூலத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குச் செல்லும். அங்கேதான் அவற்றிலிருந்து படிகள் அச்சிடப்பட்டன. அங்குள்ள தொழிலாளர்களுக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பாடியிருக்கிறார் என்பதை அறிந்து சரியான சீட்டை ஒட்ட அந்தக் குரல் அறிவிப்பு உதவியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டின் நடுவில் ஒட்டிய காகிதச் சீட்டு கிழிந்து போகலாம். உறை தொலைந்து போகலாம். ஆனால் ஒலிக்குள்ளேயே பேசி வைத்த பெயர் தட்டு உள்ள வரை இருக்கும். அதைப் படியெடுத்தால் படியிலும் இருக்கும். குறையும் உண்டு: அது கேட்பவரின் காதில் விழுகிறது, பாட்டின் நேரத்தை விழுங்குகிறது.

ஆகவே பெயரை வைக்க மூன்று இடங்கள் உள்ளன என்று நாம் பகுத்துக் கொள்ளலாம். ஒன்று, ஒலிக்கு வெளியே, அதாவது உறையிலும் சீட்டிலும். இரண்டு, ஒலிக்குப் பக்கத்தில், அதாவது அதே தட்டில் அல்லது கோப்பில் தனியாக ஒதுக்கிய இடத்தில். மூன்று, ஒலிக்கு உள்ளே. பின்னர் வந்த முறைகள் அனைத்தும் இம்மூன்றில் ஒன்றைச் சேர்ந்தவையே.

ஆயிரம் ஹெர்ட்ஸில் ஓர் இடைவெளி

காதுக்குத் தெரியாமல் ஒலிக்குள்ளே பெயரை வைக்க முடியுமா? முடியும் என்று 1954இல் ஒருவர் காட்டினார். அவர் பெயர் எமில் ஹெம்புரூக். அமெரிக்காவில் மியூசாக் என்ற நிறுவனம் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மெல்லிய பின்னணி இசையை வழங்கி வந்தது. தன் இசையைப் பிறர் திருடி ஒலிபரப்பினால் அதை மெய்ப்பிக்க அதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ஹெம்புரூக் அந்நிறுவனத்துக்காக விண்ணப்பித்த காப்புரிமை 1961இல் வழங்கப்பட்டது.

அவருடைய வழி இயற்பியல் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடியது. இசை என்பது பல அதிர்வெண்களின் கலவை. அதில் 1000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள மிகக் குறுகிய ஒரு பட்டையை மட்டும் ஒரு வடிப்பான் கொண்டு நீக்கிவிடலாம். நீக்கிய நேரம் குறைவாக இருந்தால் அது மோர்ஸ் குறியீட்டின் புள்ளி. நீண்டதாக இருந்தால் கோடு. இவ்வாறு புள்ளியும் கோடுமாக, இசையில் உள்ள மெல்லிய இடைவெளிகளைக் கொண்டே எழுத்துகளை எழுதிவிடலாம். கேட்பவர் எதையும் உணர மாட்டார். அந்த அதிர்வெண்ணை மட்டும் கவனிக்கும் கருவிக்கோ பெயர் தெளிவாகத் தெரியும்.

பேசுவதன் மூலம் அன்றி, பேசாமல் விடுவதன் மூலம் பெயர் சொல்லும் முறை இது. நல்ல காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியும் நீர்க்குறியோடு இதை அந்தக் காப்புரிமை ஒப்பிட்டது. காகித நீர்க்குறி 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தோன்றியது. காகிதம் மெலிந்திருக்கும் இடமே அங்கும் எழுத்தாகிறது. உவமை மிகப் பொருத்தமானது. மியூசாக் இம்முறையை 1980களின் முற்பகுதி வரை பயன்படுத்தி வந்தது.

குறுந்தகட்டின் மறைவான வரி

1982இல் ஜப்பானில் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இத்தட்டில் ஒலி அலையாகப் பதிவாவதில்லை, எண்ணாகப் பதிவாகிறது. ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கமுள்ள இருமை எண்ணாக எழுதுகிறார்கள். இருமை எண்ணின் ஓர் இலக்கத்துக்குப் பிட் என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்.

எண்ணாக மாறியதும் ஒரு புதிய வசதி பிறந்தது. ஒலியும் எண், எழுத்தும் எண். இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கலாம் அல்லவா? குறுந்தகட்டை வகுத்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். தட்டில் எண்கள் சிறு சிறு சட்டங்களாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தில் ஒலிக்கு 24 பைட்டுகள். கீறல் விழுந்தால் பிழை திருத்த 8 பைட்டுகள். இவற்றோடு இன்னும் ஒரே ஒரு பைட். அந்த ஒற்றைப் பைட்டின் எட்டுப் பிட்டுகளும் எட்டுத் தனி ஓடைகளாகக் கருதப்பட்டன. அவற்றுக்கு ஆங்கில அகர வரிசையில் பி முதல் டபிள்யூ வரை பெயரிட்டார்கள்.

நொடிக்கு 7350 சட்டங்கள் ஓடுகின்றன. 98 சட்டங்கள் சேர்ந்தால் ஒரு தொகுதி. நொடிக்கு 75 தொகுதிகள். ஆகவே ஒவ்வோர் ஓடையிலும் தொகுதிக்கு 98 பிட்டுகள் கிடைக்கின்றன. இவற்றுள் 'க்யூ' என்னும் ஓடையே முக்கியமானது. எத்தனையாவது பாட்டு, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பாட்டுப்பெட்டியின் முகப்பில் ஓடும் எண்கள் இந்த ஓடையிலிருந்தே வருகின்றன. அதே ஓடையில் இடையிடையே வேறு இரண்டு செய்திகளையும் அனுப்ப இடம் ஒதுக்கினார்கள். ஒன்று, தட்டின் 13 இலக்கப் பட்டியல் எண். மற்றொன்று, ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய அடையாளக் குறி.

பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளம்

அந்த அடையாளக் குறியின் முழுப்பெயர் பன்னாட்டுத் தர ஒலிப்பதிவுக் குறியீடு. சுருக்கமாக ஐ.எஸ்.ஆர்.சி. என்பர். புத்தகங்களுக்கு ஐ.எஸ்.பி.என். எப்படியோ, ஒலிப்பதிவுகளுக்கு இது அப்படி. பன்னாட்டுத் தர நிறுவனம் 1986இல் இதை 3901ஆம் எண் தரமாக வெளியிட்டது. உலக இசைத்தட்டுத் தொழிலின் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. இதன் பதிவு அமைப்பாக இருந்து வருகிறது.

குறியீட்டில் மொத்தம் 12 இடங்கள். முதல் இரண்டு நாட்டைக் குறித்தன. இந்தியாவுக்கு 'ஐ', 'என்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். அடுத்த மூன்று, பதிவை வெளியிடுபவரின் குறி. அடுத்த இரண்டு, ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள். இறுதி ஐந்தும் வரிசை எண். ஐந்து இலக்கம் என்பதால் ஒருவர் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பதிவுகளுக்குக் குறி தரலாம். 2019இல் வெளிவந்த திருத்தத்தின்படி முதல் ஐந்து இடங்களும் ஒரே முன்னொட்டாகக் கொள்ளப்படுகின்றன. நாட்டைக் காட்டும் பொருள் அவற்றுக்கு இப்போது இல்லை.

இதை க்யூ ஓடையில் எப்படி அடைத்தார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். முதல் ஐந்து இடங்களில் எழுத்தும் வரலாம், எண்ணும் வரலாம். 26 எழுத்து, 10 எண், ஆக 36 வகை. ஐந்து பிட்டுகளால் 32 வகைகளையே காட்ட முடியும். ஆகவே இடத்துக்கு ஆறு பிட் வேண்டும். பிற்பகுதி ஏழு இடங்களில் எண் மட்டுமே. அதற்கு இடத்துக்கு நான்கு பிட் போதும். ஐயாறு முப்பது, ஏழுநான்கு இருபத்தெட்டு. மொத்தம் 58 பிட்டுகள். குறுந்தகடு ஒரு நொடிக்குத் தரும் ஒலிப் பிட்டுகளோ 14 லட்சத்துக்கும் மேல். அவற்றோடு ஒப்பிட்டால் இந்த 58 ஒரு பொருட்டே அன்று.

இக்குறியீடு எதைக் குறிக்கிறது என்பதில் பலருக்கு மயக்கம் ஏற்படுவதுண்டு. இது பாட்டைக் குறிப்பதன்று, பதிவைக் குறிப்பது. ஒரே கீர்த்தனையை இருவர் பாடிப் பதிவு செய்தால் குறிகள் இரண்டு. ஒருவரது ஒரே பதிவு நான்கு தட்டுகளில் வெளிவந்தாலும் குறி ஒன்றே. பாட்டை, அதாவது சொல்லும் மெட்டுமாகிய படைப்பைக் குறிக்க ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற வேறொரு குறியீடு 2001இல் தரமாக்கப்பட்டது. கடையில் விற்கும் தட்டைக் குறிப்பது உறையின் மேல் உள்ள பட்டைக்கோட்டு எண். ஆக, பாட்டு வேறு, பதிவு வேறு, பண்டம் வேறு. இவற்றைக் குழப்பினால் ஒருவர் கூலி மற்றொருவருக்குப் போய்விடும்.

பெயரற்றுப் போன பாட்டுகள்

இவ்வளவு ஏற்பாடும் இருந்தும் 1990களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. குறுந்தகட்டைக் கணிப்பொறியில் இட்டுப் பாட்டைக் கோப்பாகப் படியெடுக்கும் வழக்கம் பரவியது. படியெடுக்கும் நிரல்கள் ஒலி எண்களை மட்டும் எடுத்துக் கொண்டன. க்யூ ஓடை தட்டிலேயே தங்கிவிட்டது. பக்கத்தில் வைத்த பெயர், பாட்டு வீடு மாறியபோது கூடவே வரவில்லை.

மேலும், அந்தத் தட்டுகளிலும் பாடகர் பெயரோ பாட்டின் பெயரோ எழுத்தாக இல்லை. குறியீடு என்பது எண்ணே தவிரப் பெயரன்று. அதுவும் பல தட்டுகளில் இடப்படவே இல்லை. 1996இல் தட்டிலேயே எழுத்துகளைப் பதிக்கும் முறை வகுக்கப்பட்டது. ஆனால் வெளியீட்டாளர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இதே காலத்தில் எம்.பி.3 பிறந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் வளர்த்த இம்முறை, காது உணராத பகுதிகளை நீக்கி ஒலிக்கோப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. எம்.பி.3 கோப்பும் சிறு சட்டங்களால் ஆனதே. ஒவ்வொரு சட்டத்தின் தலையிலும் 32 பிட்டுகள் கொண்ட முகவரி உண்டு. சட்டம் தொடங்குவதைக் காட்ட முதல் 12 பிட்டுகளும் 1 ஆக இருக்கும். பின்னர் வேகம், அளவெடுக்கும் விகிதம் முதலியன.

அந்த 32இல் ஒரு பிட் 'இதற்குப் பதிப்புரிமை உண்டு' என்று சொல்வதற்கு. இன்னொரு பிட் 'இது மூலம்' என்று சொல்வதற்கு. உரிமை உண்டு என்று சொல்ல இடம் இருந்தது. யாருக்கு உரிமை என்று சொல்ல இடம் இல்லை! பாட்டின் பெயருக்கும் பாடகர் பெயருக்கும் அத்தரத்தில் ஓரிடமும் ஒதுக்கப்படவில்லை.

கடைசி 128 பைட்டுகள்

இக்குறையை நீக்கியது பெரிய நிறுவனம் எதுவும் அன்று. 1996இல் எரிக் கெம்ப் என்னும் நிரலாளர் ஓர் எளிய வழியைக் கண்டார். பாட்டுக் கோப்பின் வால்பகுதியில் சரியாக 128 பைட்டுகளைச் சேர்த்துவிடுவது என்பதே அது. இதற்கு ஐ.டி.3 என்று பெயர்.

அந்த 128இன் கணக்கு இது: 'இங்கே சீட்டு இருக்கிறது' என்று அறிவிக்கும் மூன்று எழுத்துகளுக்கு 3, பாட்டின் பெயருக்கு 30, பாடகருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, இசை வகைக்கு 1. கூட்டினால் 128 வரும்.

இதை ஏன் வாலில் வைத்தார்? தலையில் வைத்திருந்தால் பழைய இசைப்பு நிரல்கள் அதை ஒலி என்று எண்ணித் தொடக்கத்திலேயே தடுமாறும். வாலில் வைத்தால் பாட்டு முழுவதும் ஒலித்த பிறகே அந்த இடம் வரும், தீங்கு இல்லை. பெயரை மாற்றி எழுதவும் முழுக்கோப்பையும் தொட வேண்டியதில்லை. சிறிய யோசனைதான், உலகெங்கும் பரவியது.

ஒரு குறை எஞ்சியது: இது எத்தனையாவது பாட்டு என்று எழுத இடமில்லை. 1997இல் மைக்கேல் முட்ஷ்லர் என்பவர் குறிப்புரையின் கடைசி இரண்டு பைட்டுகளை அதற்கு எடுத்துக் கொண்டார். முதல் பைட்டைச் சுழியாக்கி, அடுத்ததில் பாட்டின் எண்ணை வைத்தார். முப்பதில் இரண்டு போனாலும் யாருக்கும் நட்டமில்லை. பழைய நிரல்களும் குழம்பவில்லை. நெருக்கடியான வீட்டில் பரண் கட்டுவது போன்ற வேலை இது.

1998இல் மார்ட்டின் நில்சன் முதலியோர் ஐ.டி.3இன் இரண்டாம் வடிவத்தை வெளியிட்டனர். இதில் சீட்டு கோப்பின் தலைக்கு மாறியது. இணையம் வழியாகப் பாட்டு வந்துகொண்டிருக்கும்போதே பெயர் தெரிய வேண்டுமானால் அது முன்னால் வர வேண்டும் அல்லவா? நீளக் கட்டுப்பாடும் நீங்கியது. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாட்டு வரிகள், உறைப்படம் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி வந்தது. ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டுக்கும் ஒரு பெட்டி உண்டு.

தலையில் வைத்தால் பழைய நிரல்கள் தடுமாறுமே என்ற சிக்கலை அவர்கள் தீர்த்த விதம் அழகானது. ஒலிச்சட்டம் தொடர்ச்சியான 1களால் தொடங்கும் என்று கண்டோம். ஆகவே சீட்டின் நீளத்தை எழுதும் நான்கு பைட்டுகளில் ஒவ்வொன்றின் முதல் பிட்டையும் எப்போதும் சுழியாகவே விட்டனர். அப்போது ஏழுக்கு மேல் தொடர்ந்து 1 வரவே வராது. பொறி அதை ஒலிச்சட்டத்தின் தொடக்கம் என்று தவறாக எண்ணவும் வழியில்லை.

தமிழுக்கு இடம் எங்கே?

முதல் ஐ.டி.3இல் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பது கணக்கு. அதுவும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரியது. தமிழுக்கு அதில் முறையான இடம் இல்லை. எனவே நம் பாட்டுகளின் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே எழுதி வைத்தனர். ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதியதால் ஒரே பாடகர் பட்டியலில் மூவராகவும் நால்வராகவும் தோன்றினார். சிலர் டிஸ்கி, டாப் முதலிய தமிழ்க் குறியேற்றங்களில் எழுதினர். உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையில் 1991இலேயே தமிழ் இடம் பெற்றிருந்தது. ஐ.டி.3இன் இரண்டாம் வடிவம் யூனிகோடை ஏற்றது. 2000இல் வந்த அதன் திருத்தம் யூ.டி.எஃப்.-8 என்னும் பரவலான எழுதுமுறைக்கும் இடம் தந்தது. அம்முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகப் 15 பைட்டுகள். பழைய 30 பைட் பெட்டியாக இருந்தால் 'தமிழ்' என்று இருமுறை எழுதியவுடன் நிரம்பிவிடும். பெட்டியின் நீளம் ஏதோ சிறு தொழில்நுட்பச் செய்தி என்று நாம் எண்ணலாம். ஒரு மொழி தன் எழுத்தில் தன் பாட்டைக் குறிக்க முடியுமா முடியாதா என்பதை அந்த நீளமே முடிவு செய்தது.

இசை வகைப் பெட்டியின் கதையும் இத்தகையதே. ஒரு பைட்டால் 256 வகைகளைக் குறிக்கலாம். தொடக்கப் பட்டியலில் 80 வகைகள் இருந்தன. அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர் இசையின் நுண்ணிய பிரிவுகளெல்லாம் அதில் உண்டு. கர்நாடக இசை இல்லை. பாடகர், தொகுப்பு, பாட்டு என்ற மூன்று பெட்டிகளும் மேற்கத்திய இசைத்தட்டுக்கு அளவெடுத்துத் தைத்தவை. நம் திரைப்பாட்டுக்கோ படம், பாடியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகிய நான்கும் வேண்டும். வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன் இவற்றை வரிசையாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கச்சேரிப் பதிவுக்கு இராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர் பெயர்களும் வேண்டும்.

ஊர் கூடி எழுதிய பட்டியல்

பெட்டி கிடைத்துவிட்டது; அதில் பெயரை எழுதுவது யார்? லட்சக்கணக்கான குறுந்தகடுகளில் பெயரே இல்லை. இதற்கும் ஒரு சாமர்த்தியமான வழி பிறந்தது. டீ கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்னும் இரு நிரலாளர்கள், தட்டில் உள்ள பாட்டுகளின் தொடக்க நேரங்களைக் கொண்டே தட்டை அடையாளம் காணலாம் என்று கண்டனர். பாட்டுகளின் எண்ணிக்கை, மொத்த நேரம், தொடக்க நேரங்களைக் கூட்டிப் பெற்ற ஒரு சோதனை எண் ஆகிய மூன்றும் சேர்ந்து 32 பிட் எண்ணாகும். இரண்டு வேறு தட்டுகளுக்கு இவ்வெண் ஒன்றாக அமைவது அரிது.

1990களின் நடுவில் இப்பட்டியல் இணையத்தில் வைக்கப்பட்டது. சி.டி.டி.பி. என்பது அதன் பெயர். ஒருவர் புதுத் தட்டைக் கணிப்பொறியில் இட்டு, உறையைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சிட்டு அனுப்புவார். பின்னர் அதே தட்டை உலகின் எந்த மூலையில் யார் இட்டாலும் பெயர்கள் தாமே வந்து விழும். ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி இப்படி எழுதினர்.

1998இல் இப்பட்டியல் ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2000இல் அது கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. பயன்படுத்தும் நிரல்களுக்குப் புதிய நிபந்தனைகளும் கட்டணமும் விதிக்கப்பட்டன. ஊரார் கூடி வெட்டிய குளத்துக்குப் பூட்டுப் போட்டது போல் ஆயிற்று என்று எழுதிக் கொடுத்தவர்கள் சினந்தனர். அதன் விளைவாக எவரும் பயன்படுத்தத்தக்க ஃபிரீடிபி, மியூசிக்பிரெயின்ஸ் ஆகிய பட்டியல்கள் எழுந்தன. முன்னது 2020இல் மூடப்பட்டது. 2000இல் இராபர்ட் கே தொடங்கிய பின்னது தொண்டர்களால் வளர்ந்து வருகிறது. விவரக் குறிப்பும் ஒரு சொத்தே என்பதை உலகம் உணர்ந்தது அப்போதுதான்.

ஒலிக்குள் ஒளிந்த குறி

பக்கத்தில் வைத்த சீட்டை யாரும் அழிக்கலாம், மாற்றி எழுதலாம். ஆகவே இசைத்தட்டு நிறுவனங்களின் கவனம் மீண்டும் ஹெம்புரூக்கின் வழிக்குத் திரும்பியது. எண்முறை ஒலியில் நீர்க்குறி இடப் பல வழிகள் வகுக்கப்பட்டன. மிக எளியது, 16 பிட் எண்ணின் கடைசிப் பிட்டை மாற்றுவது. காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் கோப்பைச் சுருக்கிய உடனே அது அழிந்துவிடும். மற்றொன்று எதிரொலி முறை. மூல ஒலிக்குப் பின் ஏறத்தாழ ஒரு மில்லி நொடியில் மிக மெல்லிய எதிரொலியைச் சேர்த்தால் காது அதைத் தனி ஒலியாகப் பிரித்தறியாது. தாமதம் ஓர் அளவாக இருந்தால் 0, வேறோர் அளவாக இருந்தால் 1. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 1996இல் இதை விளக்கி எழுதினர்.

இங்கே ஓர் இயல்பான முரண்பாடு உண்டு. பேரொலியின் அருகே உள்ள சிற்றொலியைக் காது உணர்வதில்லை; இதை ஒலி மறைப்பு என்பர். நீர்க்குறி அந்த மறைவில்தான் ஒளிய விரும்புகிறது. எம்.பி.3யோ, காது உணராதது என்று அதே மறைவைத்தான் பெருக்கித் தள்ளுகிறது. தள்ளப்படாமல் இருக்கக் குறியைச் சற்று வலுவாக இட வேண்டும். வலுவாக இட்டால் காதுக்குத் தெரியத் தொடங்கும். இந்த நூலிழை மேல்தான் நீர்க்குறிப் பொறியியல் நடக்கிறது.

1998இன் இறுதியில் இசைத்தட்டு நிறுவனங்களும் மின்னணுக் கருவி நிறுவனங்களும் சேர்ந்து எஸ்.டி.எம்.ஐ. என்ற அமைப்பைத் தொடங்கின. எல்லா இசையிலும் நீர்க்குறி இட்டு, குறியைப் பார்த்துக் கருவிகளே சட்ட விரோதப் படிகளை மறுக்க வேண்டும் என்பது திட்டம். 2000 செப்டம்பரில், 'எங்கள் குறியை முடிந்தால் நீக்கிப் பாருங்கள்' என்று அது உலகுக்கு அறைகூவல் விட்டது. மூன்று வாரம் தவணை. 10,000 டாலர் வரை பரிசு.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் குழுவினர் களத்தில் இறங்கினர். குறியிடாத பதிவையும் குறியிட்ட பதிவையும் ஒப்பிட்டு அதிர்வெண் பகுப்பு செய்தபோது, ஒரு முறையில் எதிரொலியின் சுவடு தெரிந்தது. நான்கு நீர்க்குறி முறைகளையும் தாம் வென்றுவிட்டதாக அவர்கள் அறிவித்தனர். பரிசு பெற வேண்டுமானால் முறையை வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. அவர்கள் பரிசை வேண்டாமென்று விட்டுக் கட்டுரை எழுதினர்.

2001 ஏப்ரலில் அக்கட்டுரையை ஒரு கருத்தரங்கில் படிக்க இருந்த வேளையில், 1998ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைச் சுட்டி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கட்டுரை அங்கே படிக்கப்படவில்லை. ஆய்வாளர்கள் நீதிமன்றம் சென்றனர். கட்டுரை ஆகஸ்டில் வாஷிங்டனில் நடந்த மற்றொரு மாநாட்டில் வெளிவந்தது. பூட்டின் குறையை ஆராய்ந்து சொல்வது குற்றமா என்ற வினா அன்று அறிவியல் உலகை உலுக்கியது. முறையை மறைப்பதால் காவல் வலுப்பெறாது. திறவுகோலை மட்டும் மறைத்தால் போதுமானதாக முறை அமைய வேண்டும் என்று கெர்க்ஹோஃப்ஸ் 1883இலேயே கூறிச் சென்றார். எஸ்.டி.எம்.ஐ. அந்தப் பழைய பாடத்தை மறந்திருந்தது. 2001ஆம் ஆண்டோடு அதன் முயற்சி ஓய்ந்தது.

சீட்டு பாடகரை மட்டுமன்றி வாங்கியவரையும் காட்டலாம் என்பதும் கருதத்தக்கது. 2007இல் ஆப்பிள் நிறுவனம் பூட்டில்லாத பாட்டுக் கோப்புகளை விற்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு கோப்பிலும் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுதப்பட்டிருப்பதைப் பலர் கண்டு வியந்தனர். பெயர் எழுதும் கலை எவர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது காவலும் ஆகும், வேவும் ஆகும்.

சீட்டே இல்லாமல் அடையாளம்

2002இல் இங்கிலாந்தில் ஷாஜாம் என்ற சேவை தொடங்கியது. தொலைபேசியை ஒலிக்கும் பாட்டின் பக்கம் நீட்டினால் பாட்டின் பெயர் செய்தியாக வரும். இங்கே பாட்டுக்குள் குறி எதுவும் இல்லை. ஒலியின் நிறமாலையில் ஓங்கி நிற்கும் முகடுகளை எடுத்து, இரண்டிரண்டாக இணைத்து, அவற்றின் அதிர்வெண்களையும் கால இடைவெளியையும் எண்ணாக்குகிறார்கள். மனிதருக்குக் கைரேகை போல் பதிவுக்கு இந்த எண் தொகுதி. ஏவரி வாங் 2003இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்.

அப்படியானால் சீட்டுக்கு இனி வேலை இல்லையா? அப்படியன்று. கைரேகை கிடைத்தாலும், இது இன்னாருடைய ரேகை என்று எழுதிய பேரேடு வேண்டும். பேரேட்டில் பெயர் தவறாக இருந்தால் பொறி அந்தத் தவறையே உலகெங்கும் விரைவாகப் பரப்பும். பேரேட்டில் இல்லாத பதிவைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது.

பெயரும் கூலியும்

இந்தியாவில் 1984இல் செய்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், ஒலிப்பதிவின் மீதும் உறையின் மீதும் தயாரித்தவர் பெயர், உரிமையாளர் பெயர், முதலில் வெளியான ஆண்டு ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் உரிமைத் தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு என்றது. அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஆனால் பங்கு போய்ச் சேர வேண்டுமானால், எந்தப் பதிவு எத்தனை முறை ஒலித்தது, அதை எழுதியவர் யார் என்று பொறிக்குத் தெரிய வேண்டும். பாடலாசிரியர் பெட்டி காலியாக இருந்தால் சட்டம் தந்த பங்கு கணக்கில் ஏறாமல் நிற்கும். ஒரு பைட் இடம் ஒரு குடும்பத்தின் வருவாயாக மாறும் இடம் இதுதான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் இன்று எத்தனையோ ஒலிப்பதிவுகள் சேர்கின்றன. பாட்டி பாடிய தாலாட்டு, வயலில் பாடிய நடவுப் பாட்டு, கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டு ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கிறோம். பொறி அவற்றுக்குத் தேதியும் எண்ணும் மட்டுமே இடும். ஐந்தாண்டு கழித்துக் கேட்பவருக்கு அது யார் குரல், எந்த ஊர் என்று தெரியாது. விவரக் குறிப்புத் திருத்தும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடியவர், ஊர், நாள், யாரிடம் கற்றது என்ற விவரங்களைத் தமிழ் எழுத்திலேயே நிரப்பி வையுங்கள். சீட்டு அழிந்தாலும் பெயர் நிலைக்க வேண்டுமானால், பதிவின் தொடக்கத்தில் பாடுபவரையே தம் பெயரையும் ஊரையும் சொல்லச் செய்யுங்கள். கௌஹர் ஜான் காலத்து வழிதான். இன்றும் அது பழுதுபடவில்லை.